வீட்டுப் பத்திரம் கடைசியில் வரட்டும்: விமானியாக விரும்பும் ஓசூர் வாசகிக்கு

கேள்வி: எனக்கு 27 வயது. இயந்திரப் பொறியியல் முடித்து ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். சேமிப்பு 11 லட்சம். சிறு வயது முதல் விமானியாக வேண்டும் என்ற ஆசை உண்டு. சென்னையில் ஒரு முகவர் 42 லட்சம் கட்டினால் 12 மாதத்தில் லைசென்ஸ், வேலைக்கும் உத்தரவாதம் என்கிறார். இந்த மாத இறுதிக்குள் 10 லட்சம் முன்பணம் கேட்கிறார். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, ராசிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டை வங்கியில் அடமானம் வைக்கவும், என் திருமணத்துக்காகச் சேர்த்த நகைகளை (இன்றைய விலையில் சுமார் 18 லட்சம்) விற்கவும் தயாராக இருக்கிறார். "பஸ் ஓட்டினவன் மகள் பிளேன் ஓட்டட்டும்" என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வயது கடந்துவிட்டதா? இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு இறங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வயதைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். வணிக விமானி லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 18. விமான நிறுவனங்களில் 65 வயது வரை பறக்கலாம். நீங்கள் 31 அல்லது 32 வயதில் துணை விமானியாகச் சேர்ந்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறீர்கள் என்பதால் கல்வித் தகுதியிலும் தடையில்லை. பணத்தைப் பற்றிய கேள்விதான் நீளமானது. அதற்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பா வைக்கத் துணிந்திருப்பது ஒரு குடும்பத்தின் கூரை.

முதல் வேண்டுகோள்: இந்த மாத இறுதிக்குள் அந்த 10 லட்சத்தைக் கட்டாதீர்கள். வேலைக்கு உத்தரவாதம் தரும் அதிகாரம் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் இல்லை, முகவருக்கு அறவே இல்லை. வேலை தருவது விமான நிறுவனம், அதுவும் தனியாக எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு, நேர்முகம் எல்லாம் வைத்த பிறகே. 42 லட்சம் என்ற தொகையும் முழுத் தொகை அன்று. இந்தியாவில் பயிற்சி விமானத்துக்கு ஒரு மணி நேரக் கட்டணம் இன்று 15,000 முதல் 20,000 ரூபாய் வரை ஆகிறது. லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அந்தக் கணக்கே 30 முதல் 40 லட்சத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சி, தரைப்பாட வகுப்புகள், தேர்வுக் கட்டணங்கள், விடுதி, சாப்பாடு, பறந்து காட்டும் தேர்வு ஆகியவற்றைச் சேர்த்தால் 50 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனியாக 15 முதல் 25 லட்சம் வரை ஆகும். உங்களிடம் சொல்லப்படாத தொகைகளில் பெரியது இதுதான்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு எந்த விலைப்பட்டியலிலும் வராது. லைசென்ஸ் வாங்கிய நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் இடையே உள்ள காலம்தான் அது. நான் 2008இல் லைசென்ஸ் வாங்கினேன். அந்த ஆண்டு உலகப் பொருளாதாரச் சரிவில் நம் நாட்டு விமான நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்திவிட்டன. 2011 வரை மூன்று ஆண்டுகள் தரைப்பாட வகுப்பு எடுத்துத்தான் என் கடன் வட்டியைக் கட்டினேன். என்னோடு படித்தவர்களில் சிலர் அந்தக் காலத்தைத் தாண்ட முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் என்னை விடக் குறைவாகப் பறந்தவர்கள் அல்லர். கையில் காத்திருக்கப் பணம் இல்லாதவர்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள நூற்றுக்கணக்கான விமானிகள் புதியவர்களோடு அதே வரிசையில் வந்து நின்றார்கள். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் 2023இல் மட்டும் முறையே 500, 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது உண்மை, ஆகவே நீண்ட கால நோக்கில் தேவை இருக்கிறது. அதே 2023இல் நம் நாட்டில் 1,622 வணிக விமானி லைசென்ஸுகள் வழங்கப்பட்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விமானங்கள் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வரும். லைசென்ஸ்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆகவே உங்களைப் போல் அளவான பணத்தோடு வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: சிறிய தொகையில் தெரிந்துகொள்ளக் கூடியதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பெரிய தொகையை அதன் பிறகே எடுங்கள், வீட்டுப் பத்திரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பத்திரத்தைத்தான் முதலில் எடுத்துப் போகிறார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பள்ளியில் சேர்ந்த பிறகே போகிறார்கள்.

மருத்துவப் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கலும், பிறகு முதல் வகுப்பு மெடிக்கலும், அதாவது மருத்துவத் தகுதிச் சான்றுகள், எடுக்க வேண்டும். முதல் வகுப்புப் பரிசோதனை நடக்கும் முக்கியமான இடங்களில் ஒன்றான விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் பெங்களூரில், உங்கள் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரங்களே செலவாகும். இதய வரைபடம், செவித்திறன், நிறப்பார்வை, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி அணிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால் மட்டும் அது பெரிய தடை. பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன்: ஹீமோகுளோபின் அளவு குறைந்திருந்து "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதப்பட்டுச் சில மாதங்களை இழந்த மாணவிகளை எனக்குத் தெரியும், ஆகவே பரிசோதனைக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பு மெடிக்கல் கையில் வரும் வரை யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். இவற்றை எழுத வேலையை விட வேண்டியதில்லை. வான்வழி வழிசெலுத்தல், வானிலையியல், விமானச் சட்டவிதிகள், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானத்துக்கான தொழில்நுட்பம் என்று பாடங்கள்; ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் சான்றும் வேண்டும். பல காலம் தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்த அந்தத் தேர்வு, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டத்தின் கீழ் டிஜிசிஏவுக்கு மாறியிருக்கிறது. பொறியியல் கணிதம் படித்த உங்களுக்கு இவை எட்டாத பாடங்கள் அல்ல. வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஒழுங்காக ஒதுக்கினால் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். விமானத்தில் ஏறும் முன்பே தேர்வுகளை முடித்தவர்கள் பறக்கும் பயிற்சியையும் விரைவாக முடிப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன், ஏனென்றால் அவர்களுடைய மனம் ஒரே வேலையில் இருக்கிறது. தேர்வு முடிவுகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்து, எப்போது பறக்கத் தொடங்கப் போகிறீர்கள் என்பதோடு பொருத்தித் திட்டமிடுங்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்ய முதலில் கம்ப்யூட்டர் நம்பர் என்று நாங்கள் சொல்லும் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களின் மெய்த்தன்மையைச் சரிபார்ப்பார்கள். இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் முன்னெழுத்து வழக்கத்தால் ஒரு சிக்கல் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். ஆதாரில் அதே எழுத்து முன்னால் இருக்கும். கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப் பெயர் விரிந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதற்குள் என் மாணவர் ஒருவருக்கு நான்கு மாதம் போய்விட்டது, அதுவரை அவர் ஒரு தேர்வும் எழுத முடியவில்லை. உங்கள் ஆவணங்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே ஒரு மேசையில் பரப்பி வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள்.

இனி பறக்கும் பயிற்சி. 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும். அதற்குள் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் செல்லும் பறத்தல், அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி வருவதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம். இரவில் 5 மணி நேரமும், பத்து முறை ஏறுவதும் பத்து முறை இறங்குவதும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் இந்தச் சிறு எண்களில்தான் பணம் கரைகிறது. நான் பயிற்றுநராக இருந்த காலத்தில், வேறொரு பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர், பறந்த மணிக்கணக்கை எழுதி வைக்கும் தன் லாக்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். நேர்த்தியான கையெழுத்தில் 140 மணி நேரம் வரை வரிசையாக எழுதியிருந்தார். அதன் பிறகு பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் பள்ளியின் ஓடுபாதையில் இரவு விளக்குகள் இல்லை, இரவுப் பறத்தலுக்கு வேறு ஊருக்கு விமானத்தைக் கொண்டு போக வேண்டும், மழைக்காலம் தொடங்கியது, பிறகு இரண்டு விமானங்கள் உதிரிபாகத்துக்காகக் கொட்டகையில் நின்றன. பதினொரு மாதம் விடுதி வாடகை கட்டியபடி காத்திருந்தார். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும் என்ற விதியால், முன்பே பறந்து முடித்த மணிகளுக்கு மேல் மீண்டும் காசு கொடுத்துப் பறக்க வேண்டியதாயிற்று. அவர் எங்கும் தவறு செய்யவில்லை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது ஒரு கணக்கு. ஒரு பயிற்சி விமானம் நல்ல பராமரிப்பில் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் பறந்தால் 750 மணி நேரம் ஆகிறது. அதாவது ஒரு விமானம் ஓராண்டில் நான்கு பேரைக் கூட முழுமையாகத் தேற்றி அனுப்பாது. பள்ளியில் பறக்கும் நிலையில் எட்டு விமானங்கள் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 30 பேர் முடிக்கலாம். அங்கே 100 பேர் சேர்ந்திருந்தால், 12 மாதம் என்று சொல்லப்படுவது மூன்று ஆண்டைத் தாண்டும். ஆகவே மொத்தம் எத்தனை விமானங்கள் என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தன, இப்போது எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள், சென்ற ஆண்டு எத்தனை பேர் 200 மணி நேரத்தை முடித்தார்கள் என்று கேளுங்கள். டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். சேலம் விமான நிலையத்திலும் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், ராசிபுரத்துக்காரரான உங்களுக்கு வீட்டிலிருந்தே போய் வரும் வாய்ப்பு உண்டா என்று விசாரிப்பது நல்லது. விடுதிச் செலவு மிச்சமாவது சிறிய விஷயம் அன்று. கட்டணத்தை எங்கேயும் மொத்தமாகக் கட்டாமல் தவணையாக, பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும் ஏற்பாட்டையும், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விலைப்பட்டியலில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்: டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு அந்த வரி இல்லை என்று 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

ஒரு சிக்கன வழியைப் பலர் மதிப்பதில்லை. செஸ்னா 172 என்ற பயிற்சி விமானத்தின் கருவிப் பலகைப் படத்தை முழு அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எஞ்சினை இயக்குவது முதல் தரையிறங்கி நிறுத்துவது வரை செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லி, கையை அந்தந்த இடத்துக்குக் கொண்டு போய்ப் பழகுங்கள். இப்படித் தினமும் அரை மணி நேரம் பழகியவர், மற்றவர் பத்து முறை பறந்து கற்பதை ஆறேழு முறையில் கற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 300 ரூபாய் போகிறது என்பதை நினைத்தால், நாற்காலியின் அருமை புரியும்.

வெளிநாட்டில் போய்க் கற்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ விரைவாக முடிக்கலாம். ஆனால் டாலர் விலை ஏறினால் உங்கள் கணக்கு குலையும், திரும்பி வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற இங்கேயும் தேர்வு எழுத வேண்டும். உங்கள் நிலைக்கு அது ஏற்றதன்று. விமான நிறுவனங்கள் தாங்களே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகிறது. அவை தரும் வேலைக் கடிதமும் நிபந்தனைக்கு உட்பட்டதே. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி நல்ல பெயர் பெற்றது. நுழைவுத் தேர்வு எழுதிப் பார்க்கலாம், இட ஒதுக்கீடும் உண்டு, ஆனால் அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் பட்டியல் சாதிப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் டிஜிசிஏ அங்கீகரித்த விமானிப் பயிற்சியும் அடங்கும். ஆனால் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பார்கள். வீட்டை வைத்து 11 விழுக்காடு வட்டியில் 30 லட்சம் வாங்கி, படிப்புக் காலத்திலும் காத்திருக்கும் காலத்திலும் வட்டியைக் கட்டாமல் விட்டால், மூன்று ஆண்டில் கடன் 40 லட்சத்தை ஒட்டிவிடும். அதற்கு 15 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 45,000 ரூபாய். விமானத்தில் வேலை கிடைக்காமல் நீங்கள் பழைய தொழிற்சாலைக்கே திரும்பினால், இன்று வாங்கும் சம்பளம் முழுவதும் தவணைக்கே போதாது. இந்தக் காரணத்தால்தான் வீட்டை இப்போது வைக்க வேண்டாம் என்கிறேன்.

என் யோசனை இதுதான். இரண்டு ஆண்டுகள் வேலையில் இருந்தபடி மெடிக்கலையும் தேர்வுகளையும் முடித்து, மாதம் 25,000 முதல் 30,000 வரை சேமியுங்கள். தேர்வுச் செலவு போக 6 லட்சத்தை ஒட்டி மிஞ்சும். இருப்பதோடு சேர்த்தால் 17 லட்சம். நகையை விற்பதைப் பற்றி உங்கள் வீட்டில் தயக்கம் இருக்கும், அது இயல்பு. ஆனால் அது உங்களுக்கென்று சேர்த்தது, விற்றால் கடன் ஏதும் பின்னால் வராது, ஆகவே வீட்டை அடமானம் வைப்பதை விட நகையை விற்பதே மேல் என்பது என் தெளிவான கருத்து. அதையும் பறக்கும் பயிற்சி பாதி முடிந்து, பள்ளி ஒழுங்காக நடக்கிறது என்று கண்ட பிறகே எடுங்கள். அதில் 18 லட்சம், பிணையில்லாக் கல்விக் கடன் 7.5 லட்சம் என்றால் கையில் 42 லட்சத்துக்குச் சற்று மேல் சேரும். கட்டணம் குறைந்த பள்ளியில், வீட்டிலிருந்து போய் வந்து, தேர்வுகளை முன்பே முடித்திருந்தால் லைசென்ஸை எட்டிவிடலாம். இரட்டை எஞ்சின் பயிற்சிக்கும் காத்திருப்புக்கும் இன்னும் சில லட்சம் தேவைப்படும், அதற்காகக் கூடுதலாக ஆறு மாதம் வேலையில் இருக்க நேர்ந்தாலும் தாழ்வில்லை.

டைப் ரேட்டிங்கை மட்டும் எந்த விமான நிறுவனமும் கூப்பிடாமல் சொந்தக் காசில் முன்கூட்டிச் செய்யாதீர்கள். நீங்கள் செய்து வைத்த விமானத்துக்கு ஆளெடுப்பு நடக்காமல் போகலாம். பறக்காமல் இருந்தால் அந்தத் தகுதியைப் புதுப்பிக்க மீண்டும் செலவாகும். தேர்வில் வென்று, நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்த அன்று, அந்தக் கடிதத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து வங்கிக்குக் கொண்டு போங்கள். அப்போது அப்பாவின் வீடு தாங்கப் போவது 20 லட்சத்தை ஒட்டிய கடனை, அதுவும் சம்பளம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது.

இதற்கிடையில் வேலையை விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டு ஆறு மாதம் மெடிக்கலுக்காகக் காத்திருந்தவர்களின் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு வேலை நாளில், காலை ஆறரை மணிக்குப் போங்கள். காற்று அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் எந்த நல்ல பள்ளியும் விமானங்களைத் தரையில் நிறுத்தி வைக்காது. எத்தனை புறப்படுகின்றன, எத்தனை மூடிபோட்டு நிற்கின்றன, எதிலாவது எஞ்சின் கழற்றப்பட்டிருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவையும் கூட்டிப் போங்கள். பல ஆண்டுகள் பணிமனைக்குள் வண்டி எடுத்து வண்டி விட்டவர். கொட்டகைக்குள் ஒரு நடை நடந்தாலே அங்கே பராமரிப்பு நடக்கிறதா இல்லையா என்பதை நம் இருவரையும் விட விரைவாகச் சொல்லிவிடுவார்.